‘எனக்கு மகள்’: ஒரு படைவீரரின் இரு கடிதங்கள்

கடித இலக்கியம் என்றவுடன் தமிழாசிரியர் நெஞ்சில் முதற்கண் எழுவன டாக்டர் மு. வரதராசனாரின் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’ முதலிய நூல்களும், அறிஞர் அண்ணா தம் இதழில் தம்பியர்க்கு எழுதிவந்த மடல்களும் ஆகும். அவற்றின் நயத்தை வகுப்பறையிலும் இலக்கிய மேடையிலும் பலகாலும் பேசி மகிழ்ந்திருக்கிறோம். ஆயினும் அவை அச்சேறும் நோக்கத்தோடே எழுதப்பட்டவை. அன்னையும் தம்பியும் அங்கே விளிப்பெயர்கள். படிப்போர் ஒவ்வொருவரும் தாமே அத்தம்பி என எண்ணிக்கொள்ள இடமுண்டு. இவற்றிற்கு மாறாக, மூன்றாமவர் படித்தல் வேண்டும் என்னும் எண்ணம் சிறிதும் இன்றி, நெஞ்சின் நெருக்கத்தால் ஒருவர் எழுதி, பிறர் கையிற் சிக்கி, சிக்கியதனாலேயே அழியாது நின்ற கடிதங்களும் உலகில் உள. அத்தகைய இரண்டினை ஈண்டு ஆராய விழைகின்றேன்.

எழுதியவர் பெயர் ஸ்பாட்ஸ்வுட் ரைஸ். ஐக்கிய அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்தில், கிளாஸ்கோ என்னும் ஆற்றங்கரைச் சிற்றூரில் புகையிலைத் தொழிலில் உழைத்த அடிமை அவர். (ஸ்காட்லாந்து நாட்டுக் கிளாஸ்கோ வேறு; இது வேறு.) அந்நாட்டின் வடபுலத்தார்க்கும் தென்புலத்தார்க்கும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், 1864ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் வடபுல அரசின் படையிற் சேர்ந்தார். கறுப்பின வீரர்க்கென அமைந்த 67ஆம் காலாட்படைப் பிரிவு அவருடையது. அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள், செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பென்டன் பாசறை மருத்துவமனையில் முடக்குவாத நோயுடன் கிடந்தவாறே இரு கடிதங்கள் எழுதினார். ஒன்று, கோரா, மேரி என்னும் தம் பெண்மக்கள் இருவர்க்கும். மற்றொன்று, மேரியைத் தம் உடைமையாக வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்னும் அம்மையாருக்கு.

படையிற் சேர்ந்து விடுதலை பெற்றவரின் மக்கள் அடிமைகளாகவே இருந்தது எங்ஙனம் என வினவத் தோன்றும். அதிபர் லிங்கன் 1863 சனவரி 1ஆம் நாள் விடுத்த விடுதலை அறிவிப்பு, அரசுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த பகுதிகளின் அடிமைகளையே விடுவித்தது. மிசூரியோ அடிமை முறையையும் வைத்துக்கொண்டு வடபுல அரசோடும் நின்ற மாநிலம். ஆதலின் அவ்வறிவிப்பு அதனைத் தீண்டவில்லை. அம்மாநிலத்து அடிமையொருவர் படையில் பெயர் பதிந்தால் அவர் மட்டும் விடுதலையாவார். அவருடைய மனைவி மக்கள் அரசுக்கு அடங்கிய ஆண்டையிடம் இருப்பின், இருந்தவாறே இருப்பர். தந்தை நாட்டின் சீருடை அணிந்த வீரர். மகள் அதே நாட்டின் சட்டப்படி ஓர் அம்மையாரின் பொருள். இம்முரணை மனத்தில் இருத்தினாலன்றி இக்கடிதங்களின் வெம்மை நமக்கு விளங்காது.

மக்களுக்கு எழுதிய கடிதத்தை முதலிற் காண்போம். பேனாவைக் கையில் எடுத்துச் சில வரிகள் எழுதுகின்றேன் என்னும் பொருள்பட அது தொடங்குகின்றது. அக்காலத்து அமெரிக்க எளிய மக்களின் கடிதங்களில் இஃது ஒரு வாய்பாடு. நம் முன்னோர் ‘நலம், நலமறிய அவா’ என்று தொடங்கியதை ஒத்தது. வாய்பாட்டை அடுத்தே, தாம் மக்களை மறக்கவில்லை என்றும், முன்போலவே காண விழைவதாகவும் கூறி, அவர்கட்கு வாய்த்த நிலையை இப்போதைக்குப் பொறுத்திருக்குமாறு சொல்கின்றார். உயிரையே விலையாகக் கொடுக்க நேரினும் மீட்பேன் என்பது அடுத்த செய்தி. பின்னர் ஒரு படைத்தலைவன் பேசுவது போலக் கணக்கொன்று தருகின்றார்: இத்திங்கள் 28ஆம் நாள் வெள்ளை வீரர் 800 பேரும் கறுப்பு வீரர் 800 பேரும் ஆற்றின்வழியே கிளாஸ்கோவுக்கும் அதற்கு மேலும் செல்லப் புறப்பட இருக்கின்றனர், தாமும் உடன் வரக் கூடும், வந்தால் இருவரையும் பெற்றுக்கொண்டே திரும்புவார்.

இவ்விடத்தில் நம் முல்லைத்திணை நினைவுக்கு வருதல் இயல்பே. பாசறையில் இருக்கும் தலைவன் வினை முடித்து மீள்தலையும், மனையில் தலைவி ஆற்றியிருத்தலையும் பாடிய பாட்டுகள் நம்மிடம் மிகுதி. முல்லைப்பாட்டை நடத்தாத தமிழாசிரியர் உளரோ? அப்பாட்டுகளிற் போர் என்பது பிரிவுக்குக் காரணம். வினை ஒருபுறமும் மனை ஒருபுறமும் இழுக்க, நடுவில் நிற்பவன் தலைவன். உலகப் படைவீரர் கடிதங்களும் பெரும்பாலும் இவ்வச்சிலேயே வார்த்தவை. இதே போரில், ரோட் தீவு மாநிலத்துப் படைப்பிரிவைச் சேர்ந்த சலிவன் பல்லூ என்னும் அதிகாரி 1861 சூலை 14ஆம் நாள் தம் மனைவி சாராவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு வாரத்தில் நடந்த முதற் பெரும்போரில் குண்டடி பட்டு அத்திங்களிலேயே இறந்தார். 1990இல் அமெரிக்கத் தொலைக்காட்சி இப்போரைப் பற்றிய தொடர்ப்படத்தில் அதனைப் படித்துக் காட்டியபின் அக்கடிதம் பெரும்புகழ் எய்தியது. நாட்டின்மேல் வைத்த பற்றும் மனைவிமேல் வைத்த அன்பும் ஓர் உள்ளத்தை இருவேறு திசையில் இழுப்பதை அது உருக்கமாகக் காட்டுகின்றது. அப்புகழ் தகுதியில்லாத புகழ் அன்று. ஆனால் எப்பொருளைப் பற்றி அப்போர் மூண்டதோ அந்த அடிமை முறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பல்லூவுக்குப் போர் என்பது வீட்டை விட்டுச் செல்லும் வழி.

ரைசுக்கு அதுவே வீட்டுக்குச் செல்லும் வழி. வினையும் மனையும் அவர்க்கு எதிரெதிர்த் திசையில் இல்லை. படை நடக்கும் சாலையின் முடிவிலேயே மகள் நிற்கின்றாள். சொல்லப்போனால், அவர் வீட்டுக்கு எழுதும் கடிதம் சென்று சேரும் வீடு அவருடையதே அன்று, ஆண்டையின் வீடு. இதனை அவர் நன்கு அறிவார். மக்களுக்கு எழுதிக்கொண்டே வந்தவர் இடையிடையே, இதனை அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள் என்று கிட்டி அம்மையாரை நோக்கித் திரும்புகின்றார். தந்தை மகளுக்குச் சொல்லும் சொல்லை ஒட்டுக்கேட்கும் செவியொன்று அவ்வீட்டில் உண்டு. அச்செவிக்கும் சேர்த்தே எழுதுகின்றார். இங்ஙனம் ஒரே கடிதத்தில் இருவர் முகத்தையும் பார்த்து எழுதும் நெருக்கடி, மடல் எழுதிய நம் பெரும்புலவர்க்கு நேர்ந்ததில்லை.

அவர் சினத்தைக் கிளறியது ஒரு சொல். தம் மகளைத் திருடிச் செல்ல ரைஸ் முயன்றார் என அம்மையார் கூறியதாகக் கரோலின் என்பார் எழுதிய கடிதத்தால் அவருக்குத் தெரியவந்தது. இரு கடிதங்களும் இந்தத் ‘திருட்டு’ என்னும் சொல்லையே சுற்றிச் சுழல்கின்றன. மக்களுக்கு எழுதுங்கால், ஒருவன் தன் குருதியையும் தசையையும் தானே திருடுதல் என்பது இறைவன் கருத்தில் எக்காலும் இருந்ததில்லை என மறுக்கின்றார். அதனோடு அமையாமல், தன் பிள்ளையைத் தந்தை திருடினான், அதுவும் அடிமைத் தளையிலிருந்து திருடினான் என்று சொன்ன கிறித்தவரை நான் இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகின்றேன் என எள்ளுகின்றார். அழுகைக்குரிய இடத்தில் எள்ளல் வருவது புலமையால் வந்ததன்று. நெடுநாள் அடக்கிய வாய் திறக்கும்போது முதலில் வருவது அதுவே போலும்.

இரண்டாம் கடிதம் நேரே அம்மையாருக்கு. இதன் தொனி முற்றிலும் வேறு. மேரி என் குழந்தை, கடவுள் எனக்குத் தந்த உரிமை என்று தொடங்கி, எவ்வளவு காலம் பிடித்து வைத்திருக்கின்றாயோ அவ்வளவு காலம் நரகில் வேகுவாய், அங்கே விரைந்தும் செல்வாய் என்கின்றார். இங்கும் ஒரு படைக்கணக்கு வருகின்றது. ஆயின் கணக்கு மாறிவிட்டது! மக்களிடம் வெள்ளையர் 800, கறுப்பர் 800 என்றவர், அம்மையாரிடம் ஏறத்தாழ ஆயிரம் கறுப்பு வீரர் வருகின்றனர் என்கின்றார். இதனைப் பொய் என்றோ மறதி என்றோ ஒதுக்குதல் திறனாய்வாளர் செயலாகாது. அஞ்சிக் கிடக்கும் சிறுமியர்க்கு வேண்டுவது நம்பிக்கை. வெள்ளையரும் தந்தையின் பக்கம் நிற்கின்றனர், அரசே நிற்கின்றது என்பது அவர்கட்கு ஆறுதல். அம்மையாருக்கு உணர்த்த வேண்டுவது வேறு: நேற்றுவரை அவர்தம் புகையிலையை உருட்டியோரே படைக்கலம் ஏந்தி வருகின்றனர் என்பது. கேட்போர்க்கு ஏற்பச் செய்தியைத் தேர்தல் என்னும் கலையை எந்தப் பள்ளியும் அவர்க்குக் கற்பிக்கவில்லை.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையான கருத்துக்கு வருகின்றேன். அம்மையாரும் மேரியை ‘என்’ என்றார். ரைசும் ‘என்’ என்றார். ஆங்கிலத்தில் இருவர்க்கும் ஒரே சொல்தான்: ‘மை’. என் குதிரை என்பதற்கும் என் மகள் என்பதற்கும் அம்மொழியில் உருபு வேற்றுமை இல்லை. ஆகவே, ஒரே சொல்லை இருவர் பற்றிக்கொண்டு இழுக்கும் வழக்காக இது முடிகின்றது. நம் இலக்கணத்தைக் கற்றவர்க்கு இவ்வழக்கின் முடிச்சு எளிதிற் புலப்படும்.

நன்னூலார் ஆறாம் வேற்றுமைக்குக் கிழமைப்பொருள் கூறி, அதனைத் தற்கிழமை எனவும் பிறிதின் கிழமை எனவும் இருவகைப்படுத்துவர். முருகனது கை என்பது பிரிக்கலாகாத தற்கிழமை. முருகனது வேல் என்பது பிரிக்கத்தக்க பிறிதின் கிழமை. அம்மையார் மேரியை உடைமை என்றபோது கருதியது வேல் போன்ற பிறிதின் கிழமையை. விற்கலாம், வாடகைக்கு விடலாம், உயிலில் எழுதலாம். ரைஸ் குருதியும் தசையும் என்று விடை கூறியபோது தற்கிழமைக்கு நெருங்கி வந்தார். எனினும் மகள் தந்தையின் உறுப்பும் அல்லள். அவளுக்கென ஓர் உயிரும் உள்ளமும் உண்டு. அங்ஙனமாயின் மகளை எந்த உருபால் சுட்டுவது?

இதற்கு விடை தொல்காப்பியர் காலந்தொட்டே நம்மிடம் உண்டு. ‘நம்பி மகன்’ என்னும் தொகையை ‘நம்பியது மகன்’ என விரித்தல் ஆகாது. ‘நம்பிக்கு மகன்’ என்றே விரித்தல் வேண்டும். வருமொழி உயர்திணையாயின் ‘அது’ என்னும் உருபு கெட்டுக் குகரம் வருதல் மரபு. ‘எனது மகள்’ என்று எழுதும் மாணவனை ‘என் மகள்’ எனத் திருத்துகின்றோம், விதியைச் சொல்கின்றோம், அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றோம். அவ்விதிக்குள் மக்களை ‘அது’வாக்கி ஆளலாகாது என்னும் ஒரு பார்வை உறைந்திருப்பதை, முப்பது ஆண்டுக்காலம் அதனை நடத்திய நானே, ரைசின் கடிதத்தைப் படித்த பின்னர்தான் கண்டேன்.

இன்னும் ஒன்று. நான்காம் வேற்றுமையின் பொருள்களாக நன்னூலார் அடுக்குவனவற்றுள் கொடை, பகை, முறை என்னும் மூன்றும் உள. அம்மூன்றையும் இக்கடிதத்திற் காணலாம். மேரி இறைவன் எனக்குக் கொடுத்த பேறு என்பது கொடை. மேரி எனக்கு மகள் என்பது முறை. நாம் இருவரும் எங்கே சந்திப்பினும் ஒருவர்க்கொருவர் பகைவரே என அம்மையாரிடம் அவர் முழங்குவது பகை. ஆறாம் வேற்றுமையில் பேசியவர்க்கு நான்காம் வேற்றுமையில் விடை வந்தது எனலாம். ரைஸ் தமிழறிந்தவர் அல்லர். நம் நூற்பாவை அவர் தலையில் ஏற்றுவது என் நோக்கமும் அன்று. நம் மொழி ஓர் உருபால் பிரித்துக் காட்டும் வேறுபாட்டை, அவ்வசதி இல்லாத மொழியில், அவர் தம் சினத்தாலும் வாதத்தாலும் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது என்பதே நான் சொல்ல வந்தது.

இதைக் கொண்டு நம்மவரிடையே அடிமை முறை இருந்ததில்லை எனப் பெருமை பேச யாரும் முற்பட வேண்டா. ஆட்களை விற்ற செய்தியைத் தமிழகக் கோயிற் கல்வெட்டுகள் கூறுகின்றன. பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்தைத் தடுத்த முதியவர் அவையில் நீட்டியதும் ஓர் ஆளோலையே. அத்தகைய ஓலை அக்காலத்தார்க்குப் பழகிய ஆவணமாக இல்லாவிடின் அவ்வழக்கு அவையேறியிராது. உருபு சரியாக இருந்த நாட்டிலும் வாழ்வு பிழைபட்டிருந்தது.

கடிதத்தின் உச்சம் என நான் கருதுவது நரகத்தைப் பற்றிய சாபம் அன்று. நாற்பது டாலர் பற்றிய செய்தி. முன்பொருகால் தம் மகளுக்கு ஈடாக நாற்பது டாலர் தர ரைஸ் முன்வந்தார். அம்மையார் ஏற்கவில்லை. அவர் ஏற்காதது நன்றாயிற்று, அதற்காக இப்போது மகிழ்கின்றேன் என்று ரைஸ் எழுதுகின்றார். நாற்பது டாலரில் மகள் கிடைத்திருப்பாளே, கிடைக்காமற் போனதில் ஒரு தந்தைக்கு என்ன மகிழ்ச்சி என மாணவர் கேட்கக் கூடும். கேட்கட்டும், வகுப்பில் இதைவிட நல்ல வினா எழ முடியாது. விலை கொடுத்து வாங்கியிருந்தால் விற்றவரின் உரிமையை ஒப்புக்கொண்டதாகும். கையெழுத்திட்ட சீட்டு ஒன்று, மேரி ஒருகாலத்தில் விற்கத்தக்க பொருளாய் இருந்தாள் என்பதற்குத் தந்தையே அளித்த சான்றாய் நின்றிருக்கும். நாற்பது டாலரை நீட்டிய நாளில் அவர் அடிமை; அன்றைய அறிவுக்கு அதுவே வழியாகத் தோன்றியது. பாசறையில் படுத்திருக்கும் வீரருக்கு அது வழியன்று என்பது தெரிந்துவிட்டது. இரு நாள்களுக்கும் இடையில் அவரிடம் நிகழ்ந்த மாற்றம் முழுவதையும் இவ்வொரு செய்தி தாங்கி நிற்கின்றது.

உடனடியாக அவர் கணக்கையும் திருப்பிவிடுகின்றார். உடைமை என்கிறாயே, அப்பிள்ளைகளுக்கு ஒரு டாலர் அளவேனும் நீ செலவிட்டதுண்டோ என்று கேட்கின்றார். பொருள் என்றால் பொருளுக்குரிய வரவுசெலவைக் காட்டுக என்பது கேள்வி. மேரியை ஏழு வயதிலேயே ஒரு மதகுருவின் வீட்டில் மூன்று குழந்தைகளைப் பேணுமாறு அம்மையார் வாடகைக்கு அனுப்பியவர் என்பதை அறிந்தால், வரவு எப்பக்கம், செலவு எப்பக்கம் என்பது தெளிவாகும்.

குறையே இல்லாத எழுத்து என்று நான் கூறவில்லை. பிற்பகுதியில், மகளை அழைத்துப் போக வருங்கால் அதிகாரத்தோடு வருவேன், அவளைப் பிடித்து வைத்திருப்போர்மேல் பழிதீர்ப்பேன் என்னும் மிரட்டல் திரும்பத் திரும்ப வருகின்றது. நாற்பது டாலரின் கூர்மைக்குப் பின் இவ்வுரப்பல்கள் மழுங்கலாகவே ஒலிக்கின்றன. தனித்து வாழும் ஒரு பெண்ணை இங்ஙனம் அச்சுறுத்துதல் தகுமோ என்று இனியவை கூறல் பயிற்றும் ஆசிரியர் சிலர் முகம் சுளிக்கவும் கூடும். அவர்கட்கு என் விடை ஒன்றுண்டு. மேரி தம் முதுமையில் நினைவுகூர்ந்தபடி, ரைஸ் வேறோர் ஆண்டையின் அடிமை. மனைவி மக்களைக் காண வாரத்தில் இரண்டே இரவு அவர்க்கு இசைவு. வரும்போது பல வேளைகளில் அடிபட்ட குருதியோடு வருவார். தாய் அவ்வுடையைக் கழற்றிப் புண்களைக் கழுவி மருந்திட்டு, உடையையும் துவைத்துத் தேய்த்து, தூயவராய்த் திரும்பிச் செல்லுமாறு அனுப்புவார். அவ்வுடையை அணிந்து திரும்பிச் சென்றவர் எழுதிய சொற்கள் இவை. அறம் பாடிய புலவரை நாம் குறை கூறுவதில்லை.

இனி, எழுத்துப் பிழை. இரு கடிதங்களும் பிழை மலிந்தவை. சொல்லைக் கேட்டவாறே எழுதியிருக்கின்றார், நிறுத்தற்குறி இல்லை, ஒரு வாக்கியம் எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்பதை நாமே கண்டு கொள்ள வேண்டும். மிசூரி மாநிலம் 1847இல் கறுப்பின மக்களுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதைச் சட்டத்தால் தடை செய்திருந்தது. ஆண்டையின் மகனொருவன்தான் ரைசுக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தான் என்றும், விடுதலை அறிவிப்பை அவர் மற்ற அடிமைகளுக்குப் படித்துக் காட்ட, ஆண்டை கடுஞ்சினம் கொண்டான் என்றும் மேரி கூறியுள்ளார். அக்கல்வியின் அளவு அவ்வளவே. ஆனால் கருத்து எங்கேனும் தடுமாறுகின்றதா எனின், இல்லை.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுதல் நேர்மை. பல ஆண்டுகட்கு முன் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் வெளியூரில் பணிபுரியும் தந்தைக்குக் கடிதம் எழுதுமாறு பயிற்சி கொடுத்தேன். ஒரு மாணவனின் தந்தை மெய்யாகவே தொலைவில் வேலைக்குச் சென்று, மாதக்கணக்கில் வீடு திரும்பாதவர். எனக்கு அது தெரியாது. அல்லது தெரிந்தும் நினைவில் இல்லை. பதினேழு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். எப்போது வருவீர்கள் என்று அவன் கேட்டிருந்த வரியின் கீழ் நான் எழுதியது, வல்லின றகரம் இடுக என்பது மட்டுமே. அவன் அக்கடிதத்தைத் திருத்தி அழகாக மீண்டும் எழுதிக் கொடுத்தான். திருத்திய படியில் அவ்வரி இல்லை. ரைசின் கடிதத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிவப்பு வட்டங்கள் என் கண்முன் வருகின்றன.

இக்கடிதங்கள் நமக்குக் கிடைத்த வரலாறும் சுவையுடையது. சிலப்பதிகாரத்தில் கோசிகன் கொணர்ந்த மாதவியின் ஓலையைக் கோவலன் படித்து, அதன் பொருள் தன் பெற்றோர்க்கும் பொருந்துவதைக் கண்டு, அதனையே அவர்களிடம் சேர்ப்பிக்கச் சொல்கின்றான். ஒருவர்க்கு எழுதியது பிறிதொருவர்க்குப் பொருந்தி வழிமாறிச் செல்லும் அரிய இடம் அது. ரைசின் கடிதங்களும் வழிமாறின; ஆனால் அன்பால் அன்று. கோரா என்னும் மகளுக்கு ஆண்டையாக இருந்தவர் கிட்டி அம்மையாரின் உடன்பிறந்தார். அவரே அவ்வூர் அஞ்சல் தலைவர். அவர் இரு கடிதங்களையும் அவ்வட்டாரப் படைத்தலைவரான ரோஸ்கிரான்சுக்கு அனுப்பி, எழுதியவரை மாநிலத்தை விட்டே அகற்றுமாறு வேண்டினார். தம்மை அரசுக்கு அடங்கிய நற்குடிமகன் என்றும் கூறிக்கொண்டார். குற்றத்துக்குச் சான்றாகப் படைத்துறையிடம் சென்ற தாள்கள் அரசின் ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. ஐரா பெர்லின் முதலிய வரலாற்றறிஞர் தொகுத்த விடுதலை ஆவணத் தொகுதியில் 1982இல் அவை அச்சேறின. மகளிடம் பத்திரமாக இருந்திருந்தால் ஒருவேளை என்றோ மக்கிப்போயிருக்கும். பழிக்க எண்ணியவரே பதிப்புக்கு வழி செய்தார்.

ரைஸ் மக்களுக்கு வாக்களித்த படையெடுப்பு அவர் சொன்னவாறு நிறைவேறவில்லை. அடுத்த திங்கள் 15ஆம் நாள் கிளாஸ்கோவைத் தாக்கிக் கைப்பற்றியது தென்புலத்தார் படை. மேரியை மீட்டது ஆற்றின்வழி வந்த ஆயிரம் வீரரும் அல்லர். 1865 சனவரி 11ஆம் நாள் மிசூரி மாநிலமே அடிமை முறையை ஒழித்தது. படைவீரரின் மனைவி மக்களை நாடெங்கும் விடுவிக்கும் சட்டம் அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் வந்தது. இத்தகைய வீரர் ஏறத்தாழ 1,80,000 பேர் வடபுலப் படையில் இருந்தனர் என்பதை எண்ணினால், அச்சட்டம் யாருடைய நெருக்குதலால் பிறந்தது என்பது விளங்கும்.

குடும்பம் செயிண்ட் லூயிஸ் நகரில் ஒன்றுசேர்ந்தது. நரகத்தைக் காட்டி அம்மையாரை அச்சுறுத்திய ரைஸ் பிற்காலத்தில் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் போதகராகி, மேற்கு மாநிலங்களில் திருப்பணி செய்து, 1907இல் மறைந்தார். மேரியோ நெடுங்காலம் வாழ்ந்தார். 1937இல், முன்னாள் அடிமைகளின் நினைவுகளைத் தொகுக்க அரசு அனுப்பிய ஒருவர் அவரைக் காண வந்தபோது அவருக்கு வயது 85. தாம் 1852 மே 1ஆம் நாள் பிறந்ததைச் சொல்லி, அதே மூச்சில், கிட்டி டிக்ஸ் என்னும் மணமாகாத மூதாட்டிக்கு உடைமையாக இருந்ததையும் சொன்னார். தந்தை, உடன்பிறந்தான், கணவன், மகன் ஆகிய நால்வரும் படைவீரர் என்றும், தன் உரிமைக்காகப் போராடும் ஆண்மகனைத் தமக்கு மிகப் பிடிக்கும் என்றும் கூறினார்.